கை வேர்த்து கோல்ஃப் கிளப் வழுக்குது, கார்டு கிரிப் (ரப்பர்ல நூல் கலந்த கைப்பிடி உறை) மாத்தினா சரியாகுமா?

பச்சைப்புல்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இழுத்துட்டே இருக்கிற பிரச்சினை இது, இப்ப ஒரு முடிவு எடுத்தாகணும். எனக்கு இயல்பாவே உள்ளங்கை அதிகமா வேர்க்கும், அதுல வெயிலும் புழுக்கமும் சேர்ந்துட்டா சொல்லவே வேணாம், முதல் சில ஹோல் நல்லாத்தான் போகும், அப்புறம் கிளவ் ஊறிப்போய் டிரைவர (ரொம்ப தூரம் அடிக்கிற நீள கிளப்) சுத்துறப்போ கிளப் கைக்குள்ள திரும்புறது தெளிவா தெரியுது. திரும்பிடுமோங்கிற பயத்துல இறுக்கிப் பிடிக்கிறேன், இறுக்கிப் பிடிச்சா முன்கை விறைச்சு மணிக்கட்டு மடங்கவே மாட்டேங்குது, பந்து வலது பக்கம் ஓடுது.

இப்ப இருக்கிறது செட்டோட வந்த சாதா ரப்பர் கிரிப், ஸ்டாண்டர்ட் சைஸ். அயர்ன் (தட்டையான உலோகத் தலை கிளப்) எல்லாம் ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு), டிரைவரும் வுட்டும் (பெரிய தலை கிளப்) கிராஃபைட். வலது கை ஆட்டக்காரன், இடது கைல மட்டும் லெதர் கிளவ். ஃபுல் கார்டு போட்டா கை உரிஞ்சிடும்னு ஒருத்தர் சொல்றார், பாதி கார்டு பாதி ரப்பர் போடுன்னு இன்னொருத்தர் சொல்றார், மிட்சைஸ் (கொஞ்சம் தடிமனான கிரிப்) போட்டாலே போதும்னு மூணாவதா ஒருத்தர். மொத்த செட்டுக்கும் மாத்துறது சின்ன செலவு இல்ல, அதனால அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஏழாம்நம்பர்:
ப்ரோ, கிரிப் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லுங்க. வழுக்குறது எந்தக் கை, கிளவ் போட்ட மேல் கையா வெறும் கீழ் கையா? அடுத்தது, கிரிப்ப கடைசியா எப்ப சோப்பு போட்டு கழுவினீங்க? கட்டைவிரல் உட்கார்ற இடத்துல பளபளன்னு மின்னுதான்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. மின்னுச்சுன்னா அங்க படிஞ்சிருக்கிறது வேர்வை உப்பு, தோல் எண்ணெய், சன்ஸ்க்ரீன் மூணும் சேர்ந்த ஒரு படலம், அது மேல தண்ணி பட்டா எந்த கிரிப்பா இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும்.

பச்சைப்புல்:
நல்லாவே மின்னுது. ஈரத்துணியால துடைப்பேன், சோப்பு போட்டது இல்ல. எந்தக் கைன்னு உறுதியா சொல்லத் தெரியல, ரெண்டும்தான்னு தோணுது.

கிளப்பட்டறை:
கிரிப் மாத்துற வேலைதான் எனக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

'ரெண்டும்தான்'னு விட்டுடாதீங்க, முழு பதிலும் அதுலதான் இருக்கு. உங்க பழைய கிளவ் ஒண்ண எடுத்து உள்ளங்கை பக்கம் திருப்பிப் பாருங்க. சுண்டுவிரலுக்கு நேர் கீழ, மணிக்கட்டை ஒட்டின மேட்டுல தேய்ஞ்சு ஓட்டை விழுந்திருந்தா, கிளப்போட பின்முனை ஒவ்வொரு சுத்துக்கும் மேல் கைக்குள்ள அசையுதுன்னு அர்த்தம். இன்னொரு சோதனை, அடிச்சு முடிச்சதும் கைய எடுக்காம அப்படியே நின்னு பாருங்க, கிரிப்ல இருக்கிற கோடோ எழுத்தோ ஆரம்பத்துல இருந்த இடத்துலயே இருக்கா, மேல் கையோட விரல் தளர்ந்து மறுபடி பிடிச்ச மாதிரி இருக்கா, இல்ல கீழ் கை கட்டைவிரல் மட்டும் பக்கவாட்டுல நழுவியிருக்கான்னு தெரிஞ்சிடும்.

இது ஏன் முக்கியம்னா, எல்லாரும் சிபாரிசு பண்ற அந்த பாதிக்குப் பாதி கிரிப் இருக்குல்ல, கோல்ஃப் பிரைடு கம்பெனியோட எம்சிசி மாதிரி, அதுல கார்டு இருக்கிறது மேல் பாதியில மட்டும், அதாவது கிளவ் போட்ட கைக்கு. கீழ் பாதி வெறும் ரப்பர்தான். உங்களுக்கு வழுக்குறது வெறும் கையா இருந்தா அதுக்கு காசு கொடுத்தும் பிரச்சினை அப்படியே நிக்கும். அப்ப உங்களுக்கு வேணும்ங்கிறது ஃபுல் கார்டு, இல்லன்னா வரி ஆழமா வெட்டின ரப்பர்.

கார்டு எப்படி வேலை செய்யுதுன்னும் சொல்லிடறேன். ரப்பரோட கலந்து பருத்தி நூல் இழை ஓடும், மேற்பரப்பு வரைக்கும் வந்து சொரசொரன்னு நிக்கும். சாதா ரப்பர்ல பிடிமானம் வர்றது அதோட பசைத்தன்மையால, காய்ஞ்சிருக்கிற வரைக்கும் அருமையா ஒட்டும், நடுவுல வேர்வை ஒரு படலமா புகுந்துட்டா தோலும் ரப்பரும் தொடவே முடியாது. நூல் இழை அந்த ஈரத்தை கொஞ்சம் உறிஞ்சிக்கும், மீதிக்கு அந்த சொரசொரப்பு படலத்தை கிழிச்சுட்டு தோலைப் பிடிக்கும். அதனாலதான் மழையிலயும் புழுக்கத்துலயும் ஆடுறவங்க கார்டை விடமாட்டாங்க.

முதல்ல கழுவுங்க. வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு, மென்மையான பிரஷ், வரிக்குள்ள எல்லாம் நல்லா தேய்ச்சு, சோப்பு மிச்சமில்லாம அலசி, துண்டால ஒத்தி நிழல்ல காயவைங்க. கிரிப்ப மேல்பக்கம் வச்சு கழுவினா பின்முனை ஓட்டை வழியா ஷாஃப்ட்டுக்குள்ள தண்ணி இறங்கும், அதனால அந்த ஓட்டைய விரலால மூடிக்கங்க. பெட்ரோல், தின்னர் எதுவும் வேணாம், ரப்பர் கெட்டுப்போகும். காய்ஞ்சதும் ஒரு ரவுண்டு ஆடிட்டு வந்து சொல்லுங்க.

மென்பிடி:
கார்டுக்கு ஒரு எதிர்ப்பு ஓட்டு. எனக்கு விரல் மூட்டு வலி உண்டு, ஃபுல் கார்டு போட்டு பயிற்சி ரேஞ்ச்ல ஒரு கூடை பந்து அடிச்சா கீழ் கைல ஆள்காட்டி விரலோட பக்கம் செவந்து எரியும். வின் டிரை டேக் மாதிரி மெத்துன்னு இருக்கிற பாலிமர் கிரிப்புக்கு மாறினேன், ஈரத்துலயும் ஒட்டுது, அடிக்கிற அதிர்வும் கைக்கு வர்றதில்ல. எல்லாரும் கார்டு கார்டுன்னு சொல்றாங்க, ஆனா கை வலிக்கிறவனும் ஆடணும் இல்லையா.

கிளப்பட்டறை:
மென்பிடி சொல்றது நியாயம், மூட்டு வலி இருக்கிறவங்களுக்கு நானே மென்மையான பாலிமர்தான் போட்டுத் தர்றேன். ஒரே ஒரு விஷயம், அந்த வகை சீக்கிரம் தேயும், பையில மத்த கிளப்போட உரசினாலே ஓரம் பிய்யும், அதனால அடிக்கடி மாத்த தயாரா இருக்கணும். நிறைய பந்து அடிச்சு பழகுறவங்களுக்கு அது கட்டுப்படியாகாது. நடுவழின்னா லாம்கின் கிராஸ்லைன், கோல்ஃப் பிரைடு டூர் வெல்வெட் ரெண்டுலயும் சாதா ரப்பரும் இருக்கு கார்டும் இருக்கு, ஒரே வடிவத்துல ரெண்டையும் பிடிச்சுப் பார்த்து முடிவு பண்ணலாம். பிடிச்சுப் பார்க்கிறப்போ கைய நனைச்சுட்டு பிடிங்க, கடையோட ஏசில காய்ஞ்ச கைக்கு எல்லா கிரிப்பும் நல்லாத்தான் இருக்கும்.

காலைஆட்டம்:
கிளவ் பத்தி யாருமே பேசலையே, எனக்கென்னமோ பாதிப் பிரச்சினை அங்கதான்னு படுது. லெதர் கிளவ் காய்ஞ்சிருக்கிறப்போ அதுக்கு ஈடே இல்ல, ஆனா வேர்வைல ஊறினா நீண்டு தொளதொளன்னு ஆகும், அப்படியே சுருட்டி பைக்குள்ள போட்டா உப்பு பூத்து அப்பளமா விறைச்சு நிக்கும், அதை மறுபடி போட்டுட்டு கிரிப்ப குறை சொல்றது தப்பு. ஒரே கிளவ்ல 18 ஹோல் ஓட்டாதீங்க. மூணு வச்சுக்கங்க, சில ஹோலுக்கு ஒரு தடவை மாத்துங்க, கழட்டினத விரிச்சு பைக்கு வெளிய காத்து படுற மாதிரி மாட்டி விடுங்க. புட்டிங் (பந்தை குழிக்குள்ள மெல்லத் தள்ளுறது) அப்போவும் நடக்கிறப்போவும் கழட்டிடுங்க.

அப்புறம் மழை கிளவ்னு ஒண்ணு இருக்கு, ஃபுட்ஜாய் ரெயின்கிரிப் மாதிரி, ஜோடியா ரெண்டு கைக்கும் வரும். அந்தத் துணி நனைய நனைய பிடிமானம் கூடும், காய்ஞ்சிருக்கிறப்போதான் சுமார். மழைக்குன்னு செஞ்சாலும் கடுமையா வேர்க்கிறவங்களுக்கும் அதே வேலை செய்யும். கீழ் கை வழுக்குறவங்க முதல்ல இதைப் போட்டுப் பார்க்கலாம், கிரிப் மாத்துறதை விட செலவு ரொம்பக் குறைவு.

முன்கைல இருந்து ஒழுகுற வேர்வைதான் பாதி உள்ளங்கைக்கு வருது, அதனால ரெண்டு மணிக்கட்டுலயும் துணிப்பட்டை போடுங்க. துண்டு ரெண்டு வேணும், ஒண்ணு முகத்துக்கு, ஒண்ணு கிரிப்புக்கும் கைக்கும் மட்டும். முகம் துடைச்ச துண்டால கிரிப்ப துடைச்சா சன்ஸ்க்ரீனை நீங்களே பூசிவிடுறீங்க.

பங்கரோரம்:
கைல பவுடர் போட்டுக்கலாமா, போட்டியில அது ரூல்ஸ்க்கு ஒத்துவருமா?

காலைஆட்டம்:
தாராளமா. கோல்ஃப் விதி 4.3ல தெளிவா இருக்கு, ரெசின், பவுடர், கைய உலர்த்துற பொருள் எல்லாம் அனுமதி, கிரிப்ப சுத்தி துண்டோ கைக்குட்டையோ சுத்திப் பிடிக்கிறதும் அனுமதி. சாதாரண கிளவ் ரெண்டு கைலயும் போடலாம். கை வைக்கிற நிலையையோ அழுத்தத்தையோ சரி பண்ணித் தர்ற விசேஷ கிளவ்தான் கூடாது. ஆனா பவுடர் அதிகமா போட்டா வேர்வையோட சேர்ந்து களிம்பாகி கிரிப் வரிக்குள்ள அடைச்சுக்கும், கொஞ்சமா போட்டு நல்லா தட்டி விடுங்க.

ஈரக்கை:
பச்சைப்புல் சார், ஆடாத நேரத்துலயும் உள்ளங்கை சொட்டுதா? பேனா பிடிச்சா பேப்பர் நனையுதா? அப்படின்னா இது கிரிப்போட முடியிற விஷயம் இல்ல, ஒரு தோல் டாக்டரைப் பாருங்க. எனக்கு அலுமினியம் குளோரைடு கலந்த மருந்து ஒண்ணு கொடுத்தாங்க, ராத்திரி படுக்கப் போறப்போ நல்லா காய்ஞ்ச கைல தடவி காலைல கழுவிடணும். முதல்ல கொஞ்சம் அரிச்சுது, டாக்டர் இடைவெளி விட்டு போடச் சொன்னார், அப்புறம் பழகிடுச்சு. அதுக்கும் நிக்கலன்னா தண்ணில கைய வச்சு லேசான மின்சாரம் விடுற சிகிச்சையும் இருக்கு. இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல, நிறைய பேருக்கு இருக்கு, கைகுலுக்கவே தயங்கினவன் நான், இப்ப தயங்குறதில்ல. இதைப் படிக்கிற வேற யாருக்காச்சும் உதவட்டும்னுதான் எழுதுறேன்.

பச்சைப்புல்:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. ஈரக்கை, நீங்க சொன்னது மனசுல பட்டுச்சு, டாக்டர் அப்பாயின்மென்ட் போட்டாச்சு.

எல்லா கிளப்பும் கழுவினேன், பக்கெட் தண்ணி சாம்பல் கலர்ல மாறிடுச்சு. காய்ஞ்சப்புறம் கீழ் கை நல்லாவே பிடிக்குது, கட்டைவிரல் நழுவல. ஆனா மேல் கை இன்னும் பிரச்சினைதான், பழைய கிளவ எடுத்துப் பார்த்தேன், நீங்க சொன்ன அதே மேட்டுல தேய்ஞ்சு தோல் தெரியற அளவுக்கு ஓட்டை. டிரைவர் அடிச்சுட்டு அப்படியே நின்னு பார்த்தா கடைசி ரெண்டு விரல் திறந்து மூடியிருக்கு. அப்ப எம்சிசி மாதிரி பாதி கார்டுதான் எனக்குன்னு எடுத்துக்கலாமா? மிட்சைஸும் வேணுமா?

கிளப்பட்டறை:
இப்பத்தான் கேஸ் தெளிவாச்சு. ஆமா, மேல் பாதி கார்டு உங்களுக்குப் பொருந்தும், ஆனா மொத்தமா வாங்காதீங்க. 7ம் நம்பர் அயர்ன்ல ஒண்ணு மட்டும் போட்டு, புழுக்கமான நாள்ல ஆடிப் பாருங்க, பிடிச்சா மீதி.

சைஸ் விஷயத்துல அவசரம் வேணாம். கிளப்ப வழக்கம்போல மேல் கையால பிடிச்சா, நடுவிரல், மோதிர விரல் நுனி ரெண்டும் உள்ளங்கை சதையை லேசா தொடணும். நுனி சதைக்குள்ள குத்துச்சுன்னா கிரிப் சின்னது, விரலுக்கும் சதைக்கும் நடுவுல இடைவெளி விழுந்தா பெருசு. சின்ன கிரிப்ப தான் பயத்துல இறுக்கிப் பிடிப்போம், அதனால வேர்க்கிற கைக்கு ஒரு இழை தடிமன் கூட இருக்கிறது நல்லதுதான், ஆனா நேரா மிட்சைஸுக்கு தாவினா அது ஸ்டாண்டர்டை விட 1/16 இன்ச் தடிமன், சிலருக்கு மணிக்கட்டு திரும்புறது குறைஞ்சு பந்து இன்னும் வலது பக்கம் போகும், உங்க பந்து ஏற்கெனவே அங்கதான் போகுது. ஸ்டாண்டர்டுக்கு அடியில ஒண்ணு ரெண்டு சுத்து டேப் கூடுதலா சுத்தினா போதும். எடையும் பாருங்க, சாதா கிரிப் 50 கிராம் சுமார், அதை விட 4, 5 கிராம் கூடினாலே ஸ்விங் வெயிட் (சுத்துறப்போ கிளப் தலை எவ்வளவு கனமா தெரியுதுங்கிற அளவு) ஒரு புள்ளி இறங்கி தலைப்பக்கம் லேசான மாதிரி தெரியும்.

வாங்குறப்போ ஷாஃப்ட் பின்முனை அளவு கேளுங்க, பெரும்பாலும் 0.600 இன்ச், சிலது 0.580. அளவு 0.580 போட்ட கிரிப்ப 0.600 ஷாஃப்ட்ல ஏத்தினா இழுபட்டு கொஞ்சம் தடிமனா உட்காரும்.

பச்சைப்புல்:
7 அயர்ன்ல போட்டாச்சு, டேப் ஒரு சுத்து கூடுதலா. நேத்து ஆடினேன், காத்தே இல்லாத புழுக்கம், துணிப்பட்டை, மூணு கிளவ், தனித்துண்டு எல்லாம் வச்சுக்கிட்டு. கடைசி ஹோல் வரைக்கும் அந்த ஒரு கிளப் மட்டும் கைல அசையவே இல்ல, இறுக்கிப் பிடிக்கணும்னே தோணல. கார்டு பட்ட இடத்துல கிளவ் லேசா சொரசொரன்னு ஆகியிருக்கு, வெறும் கைக்கு ஒரு எரிச்சலும் இல்ல. அயர்ன் மீதியும் இதேதான் போடப் போறேன். டிரைவர நானே வீட்டுல மாத்தலாமா?

கிளப்பட்டறை:
மாத்தலாம், ஆனா அது கிராஃபைட், அதனால நேரான பிளேடு வச்சு உள்நோக்கி அழுத்தி வெட்டாதீங்க, இழை அறுந்தா ஷாஃப்ட் ஒருநாள் அங்கயே ஒடியும். கொக்கி பிளேடால உங்களுக்கு எதிர்ப்பக்கமா, ரப்பரை மட்டும் தூக்கி உரிக்கிற மாதிரி வெட்டுங்க. பழைய டேப்ப மொத்தமா சுரண்டி எடுத்துட்டு, புது டேப்ப ஒட்டி, சால்வென்ட்ட (டேப் பசைமேல கிரிப்ப வழுக்கி ஏத்த உதவுற திரவம்) தாராளமா ஊத்தி ஒரே மூச்சுல ஏத்திடணும், பாதியில நின்னா அங்கயே பிடிச்சுக்கும். ஏத்தினதும் கிளப் முகப்ப நேரா வச்சு கோடு சரியா இருக்கான்னு உடனே பாருங்க, திருப்புறதுன்னா அந்த முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலதான் முடியும். போட்ட அன்னைக்கே ஆடாதீங்க, ஒரு ராத்திரி முழுக்க காயட்டும், இந்தப் புழுக்கத்துல இன்னும் அரை நாள் சேர்த்து விட்டாலும் நல்லதுதான்.