பிரித்து ஊற்றிய பெராக்சைடு, காஸ்டிக் கேன்களுக்கு லேபிளில் என்ன போட வேண்டும்?

கேள்வி:
வணக்கம். திருப்பூர் பக்கம் நிட் சாயப்பட்டறைங்க. 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை 20 லிட்டர் கேனுக்கு மாற்றி வைக்கிறோம். காஸ்டிக் ஃப்ளேக்ஸை (சோடியம் ஹைட்ராக்சைடு) லிட்டருக்கு 100 கிராம் வீதம் கரைத்து வேறு கேனில் வைக்கிறோம். இரண்டிலும் மார்க்கரில் பெயர் மட்டும்தான் இருக்கு. ஆடிட்டில் ஜிஎச்எஸ் (ரசாயன அபாயத்தைப் படத்தாலும் சொல்லாலும் காட்டும் உலகப் பொது முறை) லேபிள் கேட்கிறாங்க. காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைத்துவிட்டதால், எரிச்சல் போன்ற லேசான அபாயத்துக்குப் போடும் ஆச்சரியக்குறிப் படம் போதுமா? பேப்பர் ஸ்டிக்கரும் சீக்கிரமே உரிந்துவிடுது.

பதில் 1:
போதாதுங்க. உங்கள் கரைசல் எடைக்கணக்கில் ஏறத்தாழ 9 சதவீதம். ஐரோப்பிய சிஎல்பி (ரசாயன வகைப்பாடு, லேபிள் விதி) வரம்புப்படி 5 சதவீதத்திலிருந்தே காஸ்டிக் தோல் அரிப்பு 1ஏ, அதாவது மிகக் கடுமையான வகை. 2 முதல் 5-க்குள் 1பி. 0.5 முதல் 2-க்குள் இறங்கினால்தான் வெறும் எரிச்சல் வகை. எனவே அரிப்புப் படம், 'அபாயம்' என்ற சொல், எச்314 வாசகம் (தோலில் கடுமையான புண், கண்ணுக்குச் சேதம்) மூன்றும் வேண்டும்.

50 சதவீத பெராக்சைடுக்கு வட்டத்தின் மேல் தீ (மற்றதை எரியத் தூண்டும் பொருள்), அரிப்பு, ஆச்சரியக்குறி என மூன்று படம் வரும். அரிப்புப் படம் இருக்கும்போது தோல், கண் எரிச்சலுக்காக ஆச்சரியக்குறி போடக் கூடாது. இங்கே அது வருவது விழுங்கினால் தீங்கு (எச்302) என்பதற்காக. 'அபாயம்' போட்டால் 'எச்சரிக்கை' சேர்க்காதீங்க. சப்ளையர் தரும் எஸ்டிஎஸ் (பாதுகாப்புத் தகவல் தாள்) 2ஆம் பகுதியோடு ஒப்பிட்டு, செறிவையும் லேபிளிலேயே எழுதுங்க. தமிழோடு இந்தி, ஒடியாவிலும் அச்சிடுங்க. கேனைத் தூக்குகிற ஆளுக்குப் புரியாத லேபிள் இருந்தும் பயனில்லை.

பதில் 2:
உரிவதற்குக் காரணம் பேப்பரும் பசையும். பாலிப்ரொப்பிலீன் லேபிள், ரெசின் ரிப்பன் (எளிதில் அழியாத மை நாடா) பிரிண்ட், எச்டிபிஇ-க்கு (கேன் செய்யும் பிளாஸ்டிக்) ஏற்ற பசை என்று கேட்டு வாங்குங்க. காஸ்டிக் கேனுக்குப் பாலியெஸ்டர் லேபிள் வேண்டாம். பாலியெஸ்டர் துணியைக் காஸ்டிக்கில் எடை குறைக்கிறோமே, லேபிளிலும் அதுதான் நடக்கும். கேனை அலசி, வெளிப்பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஊற்றும் வாய்க்கு எதிர்ப்பக்கம் ஒட்டுங்க; வழிகிற சொட்டு எழுத்தில் படாது. மூடியில் ஒட்டாதீங்க, மூடி கேன் மாறிவிடும்.

கேட்டவர்:
நன்றிங்க. பெராக்சைடு கேன் மூடியில் சின்னத் துளை இருக்கு. அதை டேப் போட்டு அடைக்கலாமா?

பதில் 1:
அடைக்கவே கூடாது! பெராக்சைடு மெல்லச் சிதைந்து ஆக்சிஜன் விட்டுக்கொண்டே இருக்கும். அது வெளியேறத்தான் அந்தத் துளை. காஸ்டிக் துளி விழுந்தால் சிதைவு வேகமாகி, சூடேறி, கேன் வெடிக்கலாம். அதனால் இரண்டுக்கும் தனித்தனி மக், தனித்தனி புனல் வைத்து, அவற்றிலும் பெயர் எழுதுங்க. மிஞ்சிய பெராக்சைடைத் திரும்பக் கேனில் ஊற்ற வேண்டாம். ஹைட்ராஸ் (சோடியம் டைதயோனைட் தூள்) டிரம்மையும் அதே ரேக்கில் வைக்காதீங்க. ஈரம் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், ஆசிட் பட்டால் சல்ஃபர் டை ஆக்சைடு வரும்.