மொம்பாசா யானை, டர்பன் தலை: இவை என்ன கல்?

ராயபுரத்துக்காரி:
சரக்குக் கப்பலில் வேலை செய்யும் என் அண்ணன் மொம்பாசாவில் ஒரு யானையும் டர்பனில் ஒரு பெண்ணின் தலையும் வாங்கி வந்தார். யானை இளஞ்சிவப்பு ஓடிய வெண்மை. அடியில் நகத்தால் கீறினால் மாவு உதிர்கிறது. தலை பளபளக்கும் கறுப்பு. ஆனால் கூந்தல் மட்டும் பழுப்பாக, சொரசொரவென்று இருக்கிறது. வேலையை முடிக்காமலே விற்றுவிட்டார்கள் என்கிறார் அம்மா. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

காசிமேடு கல்தச்சன்:
வேண்டாம் தங்கச்சி, அந்தக் கூந்தலில் கை வைக்காதீர்கள்! நான் கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுகிறவன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஜிம்பாப்வேயின் ஸ்பிரிங்ஸ்டோன். செர்பென்டைன் என்ற கல் வகையில் கெட்டியானது, இரும்புச் சத்து மிகுந்தது. மண்ணில் கிடக்கையில் மேற்புறம் துருவேறிப் பழுப்புத் தோலாகிவிடும். எங்கள் தொழிலில் மேல்தோலை முதலிலேயே தட்டி எறிந்துவிடுவோம். அங்கே சிற்பி அதைக் கூந்தலுக்கென்று விட்டுவைக்கிறார். முகத்தின் கறுப்பும் லேசில் வருவதில்லை. தண்ணீர் விட்டுப் படிப்படியாக நைசான தாளால் தேய்த்து, கல்லைச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே மெழுகு பூசுவார்கள்.

ஜிம்பாப்வேயில் கிரேட் டைக் என்ற, சுமார் 550 கிலோமீட்டர் நீளப் பாறைத் தொடரில் செர்பென்டைன் ஏராளம். அந்தப் பக்கம் புகையிலைப் பண்ணை வைத்திருந்த டாம் புளோம்ஃபீல்ட், பொருளாதாரத் தடையால் வியாபாரம் படுத்தபோது, 1966இல் தொழிலாளர்களைச் சிலை செதுக்கத் தூண்டினார். தெங்கெனெங்கே சிற்பக் கிராமம் அப்படிப் பிறந்தது. கூலி வேலை செய்த கைகள் அந்தக் கல்லை வசப்படுத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

யானை மாக்கல். கென்யாவில் கிசி வட்டாரத்துத் தபாகாவில் வெட்டியதாக இருக்கும்.

வியாசர்பாடி வாசகர்:
கல்சட்டி செய்யும் மாக்கல்லா? அப்படியானால் யானை மட்டமான சரக்குதானே?

காசிமேடு கல்தச்சன்:
அப்படிச் சொல்லாதீர்கள் ஐயா. கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் கிடைத்த பறவைச் சிலைகள் மாக்கல்தான். அந்தப் பறவை இன்று நாட்டின் கொடியிலேயே இருக்கிறது. நைஜீரியாவின் எசியே ஊரிலும் நூற்றுக்கணக்கான மாக்கல் உருவங்கள் உள்ளன. இளகிய கல் என்பதால் விழுந்தால் உடையும், உரசினால் கீறும். அதுதான் அதன் குறை.

ராயபுரத்துக்காரி:
மிக்க நன்றி அண்ணா. உப்புத்தாளை எடுத்து வைத்துவிட்டேன். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

காசிமேடு கல்தச்சன்:
எண்ணெயில் தூசி ஒட்டும். முகம் மங்கினால் நிறமில்லாத மெழுகை மெல்லிதாகப் பூசித் துணியால் தேயுங்கள். கூந்தலுக்கு உலர்ந்த தூரிகை போதும். யானையைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.