மூன்று பென்ஸுக்காகவா ஒரு புரட்சி?

கணக்குப்பிள்ளை:
அமெரிக்கப் புரட்சி என்றதும் 'பிரிட்டனின் வரிக்கொடுமை' என்று பள்ளியில் படித்ததையே ஒப்பிக்கிறோம். கணக்கைப் பாருங்கள். 1763-ல் பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் 12 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. அந்தப் போரால் பிரெஞ்சுக்காரர் தொல்லை ஒழிந்தது அமெரிக்கக் காலனிக்காரர்களுக்குத்தான். அங்கே நிறுத்திய படையின் செலவில் ஒரு பங்கைக் கொடுங்கள் என்று கேட்டதுதான் 1765-ன் முத்திரைச் சட்டம். இங்கிலாந்து மக்கள் 1694 முதலே முத்திரை வரி கட்டிவந்தவர்கள். தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் பாஸ்டன்காரர் கட்டியது அவர்கள் கட்டியதில் ஒரு துளி. இதில் கொடுமை எங்கே?

நிலாமுற்றம்:
சார், தொகை அல்ல தகராறு. யார் விதிப்பது என்பதுதான். ஒவ்வொரு காலனிக்கும் சொந்தச் சட்டசபை இருந்தது, உள்ளூர் வரியை அதுதான் போட்டது. திடீரென்று லண்டன் நேரடியாகக் கைவைத்தது. பத்திரிகை, உயில், கோர்ட் தாள், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை வேண்டும். அதையும் அங்கே தட்டுப்பாடாக இருந்த ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் காசில் கட்ட வேண்டும். வக்கீலையும் அச்சகக்காரரையும் ஒரே சட்டத்தில் பகைத்துக்கொண்டால் ஊர் சும்மா இருக்குமா? நவம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது முத்திரை விற்க ஆளே இல்லை. மிரட்டலுக்குப் பயந்து ஏறக்குறைய எல்லா விநியோகஸ்தர்களும் பதவி விலகியிருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
அதான் 1766-ல் ரத்து செய்துவிட்டார்களே! பிரதிநிதி இல்லாமல் வரி கட்டுவதா என்கிறீர்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூட அப்போது தனி எம்.பி. இல்லை. அவர்கள் கலகம் செய்தார்களா?

நிலாமுற்றம்:
ரத்தான அதே நாளில் வந்த இன்னொரு சட்டத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? எந்த விஷயத்திலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்று அறிவித்தார்களே. அறுவாளை உறைக்குள் போட்டுவிட்டு 'என் கையில்தான் இருக்கிறது' என்று காட்டியது மாதிரி. மான்செஸ்டர்காரருக்கு வரி போடும் எம்.பி. அதே வரியைத் தானும் கட்டுவார். அமெரிக்காவில் வசூலித்தால் அவர் பாரம் குறையும்.

மோர்க்குழம்பு:
நடுவில் ஒரு சந்தேகம். 1764 சர்க்கரைச் சட்டம் வெல்லப்பாகு வரியைக் கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தது. வரி குறைந்ததற்கு யாராவது கோபப்படுவார்களா? அதுவரை பலர் ஒழுங்காகக் கட்டவே இல்லை என்பதுதானே விஷயம்? 1768-ல் கடத்தல் புகாரில் பறிமுதலான 'லிபர்ட்டி' கப்பலின் முதலாளி ஜான் ஹான்காக். சுதந்திரப் பிரகடனத்தில் பெரிய கையெழுத்துப் போட்டவரும் அவரே. ஹிஹி.

கணக்குப்பிள்ளை:
நன்றி மோர்! தேயிலையும் அதே கதைதான். 1773 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையை நேரடியாக அங்கே விற்க விட்டது, விலை இறங்கியது. கடத்தல்காரர்கள் பிழைப்பு போச்சு. டிசம்பர் 16 இரவில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில்.

நிலாமுற்றம்:
கடத்தல் நடந்தது, மறுக்கவில்லை. அதை விசாரித்தது ஜூரியே இல்லாத கடல்சார் நீதிமன்றம். பறிமுதல் சரக்கில் பிடித்த அதிகாரிக்கும் பங்கு! தேயிலை மலிவு என்பதுதான் அவர்களைப் பயமுறுத்தியது. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி விலைக்கு உள்ளேயே இருந்தது. ஆசைப்பட்டு வாங்கினால் வரி போடும் லண்டனின் உரிமையை ஒத்துக்கொண்டதாகிவிடும். விற்பனையும் கம்பெனி பொறுக்கிய சில வியாபாரிகளுக்கு மட்டும்.

அப்புறம் 1774-ல் லண்டனின் தண்டனைச் சட்டங்கள். தேயிலைக்கு நஷ்டஈடு தரும்வரை பாஸ்டன் துறைமுகம் மூடல். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் காலனியின் மேலவைக்குத் தேர்தல் கிடையாது, நியமனம். ஊர்க்கூட்டம் போடக்கூட ஆளுநர் அனுமதி. அதுவரை பாஸ்டன் சண்டையாக இருந்தது, செப்டம்பரில் 12 காலனிகள் பிலடெல்பியாவில் கூடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
உரிமை பேசியவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். அப்பலேச்சிய மலைக்கு மேற்கே பழங்குடிகள் நிலத்தில் குடியேறாதே என்று மன்னர் 1763-ல் போட்ட கோடும் இவர்களுக்கு 'அடக்குமுறை'தான். அதையும் பட்டியலில் சேர்ப்பீர்களா?

நிலாமுற்றம்:
சேர்ப்பேன். அந்தக் கோபம் நியாயமில்லை, ஆனால் புரட்சிக்கு அதுவும் எண்ணெய் ஊற்றியது.

கணக்குப்பிள்ளை:
சரி, 1774-ஐ விட்டுத்தருகிறேன். துறைமுகத்தை மூடி ஊரையே பட்டினி போட்டது முட்டாள்தனம். முத்திரை வரியை மட்டும் விட்டுத்தர மாட்டேன், நாளைக்கு வருகிறேன்.