பிஎஸ்எஸ் (மன அழுத்தத்தை அளக்கும் கேள்வித்தாள்) படிவம் கொடுத்தால் நல்ல அழுத்தமும் கெட்ட அழுத்தமும் தனித்தனியாகத் தெரியுமா?

கணக்கு டீச்சர்:
பிளஸ் டூ வகுப்பு எடுக்கிறேன். பொதுத்தேர்வு நெருங்க நெருங்க சில பிள்ளைகள் அந்த டென்ஷனிலேயே வேகம் எடுத்துப் படிக்கிறார்கள், சிலர் காலையில் சாப்பிடாமல் வந்து முதல் பீரியடிலேயே வாந்தி எடுக்கிறார்கள். ஸ்டாஃப் ரூமிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். இரு தரப்புக்கும் பிஎஸ்எஸ்-10 கொடுக்கலாமா என்று ஹெட்மாஸ்டர் கேட்கிறார். அது போதுமா?

உளவியல் மாணவி:
கொடுக்கலாம், ஆனால் உங்கள் கேள்விக்கு அதில் விடை கிடைக்காது டீச்சர். உளவியலாளர் கோஹன் குழுவினர் 1983-இல் வெளியிட்ட 14 கேள்விகளைப் பத்தாகச் சுருக்கியது அது. கடந்த ஒரு மாதத்தில் எப்படி இருந்தது என்று கேட்கும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. அதில் 4 கேள்விகள் நேர்மறையானவை, அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுத்தான் கூட்ட வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம், அந்த நாலும் நல்ல அழுத்தத்தை அளப்பதாக நினைக்க வேண்டாம். சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்றுதான் கேட்கின்றன.

ஹெச்ஆர் வேலை:
ஆசிரியர்களுக்கு அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் கேளுங்கள். 2000-இல் கவனாவும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க மேலாளர்களிடம் பார்த்தது இதைத்தான்: வேலைப்பளு, நேர நெருக்கடி, பொறுப்பு இவையெல்லாம் வேலைத் திருப்தியோடு சேர்ந்தே வந்தன, சிவப்பு நாடா (தேவையில்லாத நடைமுறை இழுத்தடிப்பு), அலுவலக அரசியல், யாருக்கு என்ன வேலை என்ற தெளிவின்மை இவை அதிருப்தியோடு வந்தன. பேப்பர் திருத்துவதும், ஒரே விவரத்தை மூன்று படிவத்தில் நிரப்புவதும் ஒன்றா என்ன?

கணக்கு டீச்சர்:
சரி, ஆனால் என் பிள்ளைகளுக்குத் தேர்வு ஒன்றுதானே? ஒருத்திக்கு உந்துதல், இன்னொருத்திக்கு வாந்தி.

உளவியல் மாணவி:
சரியான இடத்தைத் தொட்டீர்கள். உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984-லேயே சொன்னது இதுதான், ஒரே விஷயத்தை ஒருவர் சவாலாக எடுத்துக்கொள்வார், இன்னொருவர் ஆபத்தாகப் பார்ப்பார். அதனால் மாதிரித் தேர்வு, வீட்டு எதிர்பார்ப்பு, டியூஷன் என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம் போடுங்கள்: 'என்னை எவ்வளவு முடுக்கிவிடுகிறது', 'எவ்வளவு முடக்கிப்போடுகிறது'. ஒரே பிள்ளை இரண்டிலும் உச்சத்தைப் போடலாம், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடாதீர்கள். பெயர் எழுதச் சொல்லாதீர்கள், ஹெட்மாஸ்டர் கைக்குப் போகும் என்று தெரிந்தால் ஸ்டாஃப் ரூமிலும் யாரும் உள்ளதை எழுத மாட்டார்கள். வாந்தி எடுக்கும் பிள்ளைகளிடம் மட்டும் படிவத்துக்குக் காத்திருக்காமல் இன்றே பேசுங்கள், வீட்டிலும் சொல்லி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.