மாதாமாதம் ஜிஎஸ்டி நேரத்தில்தான் விண்டோஸ் அப்டேட் வருகிறது, மொத்தமாக நிறுத்த முடியுமா?

கணக்குப்பிள்ளை:
வணக்கம். வீட்டில் இருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம். தனியாக பிராட்பேண்ட் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. மாதம் முழுக்க ஒழுங்காக ஓடும், ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனைக் கணக்கு ரிட்டர்ன், போட வேண்டிய 11ஆம் தேதி நெருங்கும்போது மட்டும் காலையிலேயே பாதி டேட்டா போயிருக்கும், கேட்டால் அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று காட்டும். போதாததற்கு டீ குடிக்க எழுந்து போய்விட்டு வந்தால் ரீஸ்டார்ட் ஆகி நிற்கிறது. இந்த ஆட்டோமேட்டிக் அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவிட வழி இருந்தால் சொல்லுங்கள். செட்டிங்ஸில் தேடிப் பார்த்தேன், ஆஃப் என்று ஒரு பட்டனே இல்லை.

சுருக்குவழி:
ரொம்ப சுலபம் சார். ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறங்கள், அதில் விண்டோஸ் அப்டேட் என்று இருக்கும், டிசேபிள் செய்துவிடுங்கள், தொல்லை விட்டது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது.

திருகாணி:
அப்படிச் செய்ய வேண்டாம். முதலாவது, அது நிலைக்காது. விண்டோஸ் அப்டேட் மெடிக் சர்வீஸ் என்று இன்னொன்று பின்னால் ஓடுகிறது, முடக்கியதைத் திரும்ப எழுப்பி விடுவதே அதற்கு வேலை. அது எழுப்பாமல் விட்டாலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எதையாவது இறக்கப் போனால் எரர் வரும், காரணம் புரியாமல் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் ஞாபகம் இருக்கிறதா? 2017 மே 12 அன்று பரவ ஆரம்பித்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே வருடம் மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது, கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்னால். போட்டிருந்தவர்களின் கம்ப்யூட்டரில் அந்த வழியாக அது நுழைய முடியவில்லை. நீங்கள் வைத்திருப்பது அடுத்தவர் கணக்கு, பான் எண், வங்கி விவரம் எல்லாம் இருக்கும். அதனால் நிறுத்துவதை விட்டுவிட்டு, எப்போது இறங்க வேண்டும், எந்த இணைப்பில் இறங்க வேண்டும் என்பதை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

11ஆம் தேதி பக்கம் வருவது உங்கள் பிரமை இல்லை. மைக்ரோசாஃப்ட் மாதாந்திர பாதுகாப்பு அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது, அமெரிக்காவில் காலை, நமக்கு இரவு பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும். இரண்டாவது செவ்வாய் என்றால் 8க்கும் 14க்கும் நடுவில்தானே விழும். ஜிஎஸ்டி காரர்களுக்கு என்றே தேதி குறித்த மாதிரி இருக்கும்!

சரி, செய்ய வேண்டியது. ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருக்கும்போது செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அந்த இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் என்று போனால் மீட்டர்டு கனெக்‌ஷன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், ஆன் செய்யுங்கள். அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு இது என்று விண்டோஸுக்குச் சொல்வதுதான் அது. பெரும்பாலான அப்டேட் தானாக இறங்காது, டவுன்லோடு பட்டனைக் காட்டிவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே, மீட்டர்டு இணைப்பிலும் இறக்கு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அது ஆஃபில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது ஆனில் இருந்தால் மேலே செய்தது வீண். இன்னொன்று, இந்த மீட்டர்டு செட்டிங் அந்த ஒரு இணைப்புக்கு மட்டும்தான். வேறு போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அதற்கும் தனியாகச் செய்ய வேண்டும்.

ரீஸ்டார்ட்டுக்கு, அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஆக்டிவ் அவர்ஸ். தானாகக் கணித்துக்கொள் என்பதை மாற்றி நீங்களே நேரம் கொடுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் கொடுக்கலாம், காலை 8 முதல் இரவு 2 வரை வைத்தால் வேலை நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. ரீஸ்டார்ட் தேவைப்படும்போது அறிவிப்பு காட்டு என்று ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள்.

மாதத் தொடக்கத்தில் பாஸ் அப்டேட்ஸ், அதாவது தற்காலிக நிறுத்தம், கொடுத்து ஒன்று முதல் ஐந்து வாரம் வரை தள்ளிப் போடலாம். ரிட்டர்ன் போட்டு முடித்துவிட்டு 14, 15 வாக்கில் நீங்களே அப்டேட் போடுங்கள், 20ஆம் தேதி அடுத்த ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-3பி வருவதற்குள் முடிந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
நன்றி சார், மீட்டர்டு, ஆக்டிவ் அவர்ஸ் இரண்டும் மாற்றிவிட்டேன். பாஸ் மட்டும் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. அப்புறம் வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று விண்டோஸ் 10இல் ஓடுகிறது, அதற்கும் இதே வழிதானா?

சுருக்குவழி:
எல்லாம் சரி, 2024 ஜூலையில் அப்டேட் போட்டதால்தானே ஊர் உலகத்தில் உள்ள விமான நிலையம் எல்லாம் நீலத்திரை ஆனது? அப்போது அப்டேட் போடாதவன்தானே தப்பித்தான்?

திருகாணி:
அது விண்டோஸ் அப்டேட்டே இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோப்பில் கோளாறு, கம்பெனிகள் காசு கொடுத்துப் போடுகிற மென்பொருள். நம் வீட்டு கம்ப்யூட்டரில் அது இருக்க வாய்ப்பு குறைவு, விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தவர்களும் அதில் மாட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் அப்டேட்டிலும் சொதப்பல் வரத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்வதே அதற்காகவும்தான், அதற்குள் யார் யார் அலறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். போட்ட பிறகு தொல்லை கொடுத்தால் அப்டேட் ஹிஸ்டரியில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை சார், பாஸ் மங்கலாக இருந்தால் ஏற்கெனவே 35 நாள் தள்ளிப் போட்டு முடிந்திருக்கலாம். காத்திருப்பதை ஒருமுறை போட்டுவிட்டால்தான் மறுபடி தள்ள விடும். பாஸ் செய்திருக்கும்போதும் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் புதுப்பிப்பு வந்துகொண்டுதான் இருக்கும், அது நல்லதுதான்.

பழையகீபோர்டு:
விண்டோஸ் 10 பற்றி நான் சொல்கிறேன். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதனால் அங்கே செட்டிங்கை எப்படி மாற்றி வைத்தாலும் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் தானாக வராது. வீட்டு உபயோகக்காரர்களுக்கு என்று நீட்டிப்புத் திட்டம் ஒன்று அறிவித்தார்கள், 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் காசு இல்லாமல் சேரலாம், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேருவதற்கான இணைப்பு காட்டும். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும். சேராவிட்டால் அதில் ஜிஎஸ்டி போர்ட்டல், நெட் பேங்கிங் திறக்காதீர்கள்.

டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்றையும் யாரும் சொல்லவில்லை. அப்டேட்டை மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இன்டர்நெட்டில் உள்ள கம்ப்யூட்டர்கள் என்று தேர்வாகி இருந்தால் நம் டேட்டாவில் இருந்து முகம் தெரியாத யாருக்கோ போகும், வீட்டு நெட்வொர்க் மட்டும் என்று மாற்றிவிடுங்கள். மீட்டர்டு போட்டிருந்தால் தானாகப் போகாது, ஆனாலும் நாளை பிராட்பேண்ட் எடுத்தால் உதவும்.

அப்டேட் போடும்போது லேப்டாப்பில் சார்ஜ் நிறைய இருக்கட்டும், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். மாதாந்திர மின் பராமரிப்பு அன்றைக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
காத்திருந்ததைப் போட்டுவிட்டேன், பாஸ் இப்போது அழுத்த வருகிறது. டெஸ்க்டாப் எந்தப் பதிப்பு என்று பார்த்தால் 22எச்2 இல்லை, அதைவிடப் பழையது. ஹாட்ஸ்பாட்டில் அவ்வளவையும் இறக்க முடியாது, தம்பி வீட்டில் பைபர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கே தூக்கிப் போகிறேன்.