யூவிஏவுக்கு ஏர்லி டிசிஷனா, ஏர்லி ஆக்‌ஷனா? வர்ஜீனியா பெற்றோர் சொல்லுங்கள்

ஆஷ்பர்ன் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் லவுடன் கவுண்டி அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்கிறாள், மொழியியலையும் விட மனதில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி ஆசிரியையாக இருக்கிறாள், அந்த ஆர்வம் அங்கிருந்து வந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகம் (யூவிஏ), மிச்சிகன், மேரிலாண்ட், வர்ஜீனியா டெக் என்று நான்கு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம்.

வீட்டில் இப்போது பெரிய விவாதம். யூவிஏவுக்கு ஏர்லி டிசிஷன் (இடம் கிடைத்தால் அங்கேயே சேருவோம் என்று கையெழுத்துப் போட்டு முன்கூட்டியே விண்ணப்பிப்பது) போட்டால் டிசம்பர் நடுவில் முடிவு தெரிந்துவிடும், பிறகு நிம்மதி என்கிறார் இவள் அப்பா. மகளுக்கு மிச்சிகன் மேலும் ஆசை இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு மிச்சிகனும் இடம் கொடுத்தால் என்ன செய்வது? உள்ளூர்க் கட்டணம் என்றாலும் நான்கு வருடச் செலவு சின்னத் தொகை இல்லை. தம்பி ஒன்பதாம் வகுப்பு, அவனுக்கும் 529 கல்விச் சேமிப்புக் கணக்கில் மிச்சம் வைக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் பிளஸ் டூ மார்க்கும் நுழைவுத் தேர்வு மார்க்கும் சேர்ந்த கட்-ஆஃபை வைத்து அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்கில் சீட் எடுத்தவர்கள். ரேங்க் தெரியும், மிச்சம் இருக்கும் சீட் தெரியும், பார்த்து எடுத்தோம். இங்கே எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. இன்னொன்று, காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம்) இன்ஜினியரிங் ஸ்கூலா, காலேஜ் ஆஃப் ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸஸா என்று கேட்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் இன்ஜினியரிங் தானே?

சாண்டிலி அப்பா:

வணக்கம் சகோதரி. என் பையன் ஏர்லி டிசிஷனில் போனான், பெண் ஏர்லி ஆக்‌ஷனில் போனாள். இருவரும் யூவிஏதான். இரண்டு வழியையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இரண்டுக்கும் கடைசி நாள் நவம்பர் 1. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். ஏர்லி டிசிஷன் என்பது ஒப்பந்தம். மாணவி, பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். இடம் கிடைத்தால் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற வேண்டும். அவர்கள் தரும் நிதி உதவியில் குடும்பத்தால் கட்டவே முடியாது என்றால் மட்டும் வெளியே வரலாம். ஏர்லி ஆக்‌ஷனும் முன்கூட்டியே விண்ணப்பிப்பதுதான், ஆனால் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. பிப்ரவரி 15க்குள் முடிவு வரும், மே 1 வரை யோசிக்கலாம்.

யூவிஏவுக்கு ஏர்லி டிசிஷன் போட்டாலும் மிச்சிகன், மேரிலாண்ட் இரண்டுக்கும் ஏர்லி ஆக்‌ஷன் போடத் தடை இல்லை. ஆனால் மிச்சிகன் முடிவு ஜனவரி கடைசியில்தான் வருகிறது. அதற்குள் யூவிஏ டிசம்பரில் இடம் கொடுத்துவிட்டால், மிச்சிகன் என்ன சொல்லியிருக்கும் என்று தெரியாமலேயே அதைக் கைவிட வேண்டியதுதான். உங்கள் மகளுக்கு அங்கே ஆசை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசை இருக்கும் வரை இந்த ஒப்பந்தம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. என் பையனுக்கு அப்படி வேறு எந்த இடமும் மனதில் இல்லை, அதனால் கையெழுத்துப் போட்டோம்.

ஏர்லி டிசிஷன் போட்டால் வாய்ப்பு கூடும் என்று நம்மவர்கள் பாட்லக்குக்குப் பாட்லக் பேசிக்கொள்கிறார்கள். அந்தச் சதவீதங்களைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். யூவிஏவில் மூன்றில் இரண்டு பங்கு வர்ஜீனியா பிள்ளைகள். வெளிமாநிலப் பிள்ளைகளையும், விளையாட்டுக்காக முன்பே அழைக்கப்பட்டவர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி உங்கள் மகளைப் பற்றி எதுவும் சொல்லாது. வர்ஜீனியா பிள்ளைகளை வர்ஜீனியா பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதிலும், யூவிஏதான் என்று முடிவு செய்து முதலிலேயே தயாராகி வருபவர்கள் ஏர்லி டிசிஷனில் அதிகம் இருப்பார்கள் என்பதையும் கழித்துப் பாருங்கள்.

யூவிஏவே இதில் ஒரே நிலையில் இருந்ததில்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பாதகம் என்று 2006இல் ஏர்லி டிசிஷனை எடுப்பதாக அறிவித்தார்கள், 2019இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். பணம் எவ்வளவு ஆகும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பங்களுக்கு இது பொருந்தாது என்ற அந்தக் காரணம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

பணத்துக்கு வருகிறேன். அவர்கள் இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவி போக நாம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் கணிப்பான்) இருக்கிறது. வரிப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள். தேவை முழுவதையும் ஈடுகட்டுவோம் என்று யூவிஏ சொல்வது உண்மை, ஆனால் தேவை எவ்வளவு என்பதை அவர்கள் சூத்திரம்தான் சொல்லும். இரண்டு சம்பளம் வரும் வீட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. மதிப்பெண்ணுக்கான உதவித்தொகையும் அங்கே குறைவு. இன்ஜினியரிங் ஸ்கூலுக்கு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸஸை விடக் கட்டணம் அதிகம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

முக்கியமான ஒன்று. விண்ணப்பத்தோடு வர்ஜீனியாவாசி என்பதற்கான படிவம் ஒன்று வரும். அதை அவளிடம் விட்டுவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். பெற்றோரின் வரி, லைசன்ஸ், வாக்காளர் பதிவு என்று அதில் கேட்பது எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

சார்லட்ஸ்வில் மாணவி:

வணக்கம் ஆன்ட்டி, நான் யூவிஏவில் மூன்றாம் ஆண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்கில் மட்டும் இல்லை. இன்ஜினியரிங்கில் பி.எஸ்., காலேஜில் (ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸஸ்) பி.ஏ. என்று இரண்டும் உண்டு. நான் பி.ஏ. படிக்கிறேன், கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்குப் போனபோது இரண்டில் எது என்று யாரும் கேட்கவில்லை. மொழியியல் மேஜர் (முதன்மைப் பாடம்) இருப்பது காலேஜில்தான். கம்ப்யூட்டர் சயின்ஸையும் மொழியியலையும் சேர்த்துப் படிக்க ஆசைப்படுபவளுக்கு அதுதான் இயல்பான இடம். இன்ஜினியரிங்கில் சேர்ந்தால் முதல் வருடம் எல்லோருக்கும் பொதுவான கால்குலஸ், இயற்பியல், வேதியியல்தான், மேஜர் அதன் பிறகு. ஒரு ஸ்கூலிலிருந்து இன்னொன்றுக்குப் பிறகு மாற வழி இருக்கிறது, ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான். தமிழ்ப் பள்ளியை முதல் இரண்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். எத்தனையாம் நிலைக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், என்ன பாடம் தானே தயாரித்தாள் என்று எழுதட்டும். வீட்டில் தமிழ் பேசாத ஒரு பிள்ளைக்கு லகர ளகர ழகரத்தை எப்படிப் புரிய வைத்தாள் என்று கட்டுரை எழுதினால் நான் ஆர்வமாகப் படிப்பேன். எழுதியதை அப்பா திருத்த வேண்டாம் ஆன்ட்டி. பதினேழு வயசுப் பெண்ணின் குரல் போய்விடும்.

ரிச்மண்ட் அம்மா:

மேலே இருவரும் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். கவுன்சிலரிடம் இந்த வாரமே போகச் சொல்லுங்கள். ஒரு கவுன்சிலர் தலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) கேட்கப் பள்ளிகள் தனியாக ஒரு கடைசித் தேதி வைத்திருக்கும், அது நவம்பர் 1க்கு வெகு முன்னால் வந்துவிடும். ஆசிரியர் பரிந்துரைக்கும் அப்படித்தான்.

மொழிப் பாடத்தை இந்த வருடம் விட்டுவிட்டாளா? ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், வேற்று மொழி என்று ஐந்தையும் நான்கு வருடமும் படிப்பதை யூவிஏ விரும்புகிறது. விட்டிருந்தால் ஏன் என்று கூடுதல் தகவல் பகுதியில் இரண்டு வரி எழுதலாம்.

‘டெஃபர்’, அதாவது முடிவைத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று வந்தால் அது மறுப்பு இல்லை. வழக்கமான விண்ணப்பங்களோடு சேர்த்து மறுபடி படிப்பார்கள், ஏர்லி டிசிஷன் போட்டிருந்தால் ஒப்பந்தமும் அதோடு விலகிவிடும். அப்போது அரையாண்டு மதிப்பெண் ரொம்ப முக்கியம். நவம்பரோடு முடிந்தது என்று பிள்ளைகள் கை தளர்வதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

ஆஷ்பர்ன் அம்மா:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உங்கள் பதில்களை மூவரும் சேர்ந்து வாசித்தோம். மிச்சிகன் முடிவு தெரியாமல் போகும் என்று இவர் யோசித்திருக்கவில்லை, அந்த இடத்தில் சரி என்றுவிட்டார். நான்குக்கும் ஏர்லி ஆக்‌ஷன், யூவிஏவில் காலேஜ் என்று மகள் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். ஸ்பானிஷ் விடவில்லை, நான்காவது வருடமாக ஓடுகிறது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தோம், உதவி எதுவும் வராது என்று காட்டியது. அப்படியென்றால் ஃபாஃப்ஸா (அரசின் நிதி உதவி விண்ணப்பப் படிவம்) நிரப்பத்தான் வேண்டுமா? எங்களுக்குக் கிரீன் கார்டு இருக்கிறது.

சாண்டிலி அப்பா:

நிரப்பிவிடுங்கள். மகள் பெயரில் எடுக்கும் அரசுக் கல்விக் கடனுக்கு அது கட்டாயம், வருமானம் எவ்வளவு இருந்தாலும் வட்டி உடனே ஓடத் தொடங்கும் வகைக் கடன் கிடைக்கும், முதல் வருடம் 5,500 டாலர் வரை. எடுக்கிறீர்களோ இல்லையோ, நடுவில் யாருக்காவது வேலை போனால் அந்தப் படிவம் ஏற்கெனவே உள்ளே இருப்பது நல்லது. யூவிஏவில் உதவி கேட்பதாக இருந்தால் மட்டும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு நிதி விவரப் படிவமும் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்.