விசேட கல்வி அலகா, சாதாரண வகுப்பா? திருகோணமலையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது, தரம் 1. ஆட்டிசம் என்று போன வருடம் டாக்டர் சொன்னார். பேச்சு குறைவு. ஆனால் கிண்ணியா பஸ்ஸா, மூதூர் பஸ்ஸா என்று ஹோர்ன் சத்தத்திலேயே சொல்லிவிடுவான். அதே பிள்ளை பாடசாலை மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுகிறான்.

விசேட கல்வி அலகு உள்ள பாடசாலைக்கு மாற்றச் சொல்கிறார் வகுப்பு ரீச்சர். அவரையும் குறை சொல்ல முடியாது, வகுப்பில் 35 பிள்ளைகள். இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்வது தெரியும். சண்டை பிடிக்க எண்ணமில்லை. இவனுக்கு எது நல்லது என்பதுதான் கேள்வி.

அலகில் சேர்த்த பிள்ளைகளைப் பிறகு சாதாரண வகுப்புக்கு எடுத்தார்களா? வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்திக்க என்னென்ன கடிதங்கள் கொண்டுபோக வேண்டும்? தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? மட்டக்களப்பு என்றாலும் பரவாயில்லை, பஸ் என்றால் இவனுக்குக் கொண்டாட்டம்தான்.

'வளர வளரச் சரியாகிவிடும்' என்பதை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அதைச் சொல்ல வீட்டில் அப்பம்மா இருக்கிறார்.